பழைய அலாய் வீல், எக்ஸாஸ்ட் வாங்கலாமா, விற்கலாமா? சட்டம் என்ன சொல்லுது, எங்கே கை சுடும்? முழு விளக்கம்

“ஸ்விஃப்ட்டுக்கு 15 இன்ச் அலாய், நாலும் சேர்த்து. நோ கிராக், நோ பெண்ட். கோயம்புத்தூர் லோக்கல் பிக்-அப். டைம்பாஸ் வேண்டாம் ப்ரோ.”

கார் பிரியர்கள் கூடும் எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இப்படி ஒரு மெசேஜ் கண்ணில் படாமல் இருக்காது. அலாய் வீல், எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, சப்வூஃபர், ஸ்பாய்லர் என்று காரோடு வராமல் பிறகு வாங்கி மாட்டிய பொருட்கள்தான் ‘ஆஃப்டர்மார்க்கெட்’ பார்ட்ஸ். ஒருவர் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழற்றி, இன்னொரு கார் பிரியருக்குக் கைமாற்றிவிடுவது இன்று ஒரு தனி சந்தையாகவே வளர்ந்துவிட்டது.

கடை இல்லை, பில் இல்லை, வாரன்டி இல்லை. இரண்டு பேருக்கு நடுவே இருப்பது நம்பிக்கை மட்டும்தான். ஆனா அந்த நம்பிக்கை பொய்த்துப்போனால் போவது பணம் மட்டும் இல்லை. விரிசல் விட்ட வீல் நெடுஞ்சாலையில் உடைந்தால் உயிரே போகலாம். இந்தச் சந்தை எப்படி இயங்குது, சட்டம் யாரைப் பிடிக்கும், வாங்குபவரும் விற்பவரும் எதில் கவனமாக இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

காரோடு சேர்த்தே விற்க வேண்டியதுதானே?

பலரும் கேட்கும் முதல் கேள்வி இது. காரணம் சிம்பிள். லட்ச ரூபாய்க்கு மாடிஃபிகேஷன் செய்த காரை விற்கப் போனால், அந்த லட்சம் திரும்ப வராது. பழைய கார் வாங்க வருபவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் காரைத்தான். “இதுல என்னென்னமோ மாத்தியிருக்காங்களே, வேண்டாம்” என்று ஒதுங்குபவர்கள்தான் அதிகம். பழைய கார் டீலர்களும் மாடிஃபிகேஷனைக் காட்டி விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே ஒரு வேலை செய்வார்கள். கழற்றிய ஒரிஜினல் வீல், சைலன்சர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் துணி சுற்றி பரண் மேல் போட்டு வைப்பார்கள். காரை விற்கும் நாளில் ஒரிஜினலை மாட்டி காரைத் தனியாகவும், ஆஃப்டர்மார்க்கெட் பார்ட்ஸைத் தனியாகவும் விற்பார்கள். இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் தொகை, சேர்த்து விற்பதைவிட அதிகம்.

வாங்குபவருக்கும் லாபம். புதிதாக வாங்க முடியாத ஒரு செட்டைப் பாதி விலையில் பிடித்துவிடலாம். சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பொருள் யார் காரில் இருந்தது என்று தெரியாது. கார் பிரியர் ஒருவரிடம் நேரடியாக வாங்கினால், அது எந்த காரில் ஓடியது, எத்தனை கிலோமீட்டர், ஏன் கழற்றினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தச் சந்தையின் உண்மையான மதிப்பே அந்தத் தகவல்தான்.

ஜிஎஸ்டி குறைந்ததால் விலை என்ன ஆச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு முன்பு பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம். டயருக்கும் 28-இல் இருந்து 18-ஆகக் குறைந்தது. இது புதுப் பொருளுக்கான வரிதானே, பழைய பொருளுக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கு.

ஒரு செட் அலாய் வீலின் வரிக்கு முந்தைய விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 சதவீத வரியோடு முன்பு வாங்கியவர் 64,000 ரூபாய் கொடுத்திருப்பார். அதே செட் இன்று 18 சதவீத வரியோடு 59,000 ரூபாய். விற்பவர் பழைய பில்லைக் காட்டி “64-க்கு வாங்கினேன் ப்ரோ, 45 கொடுங்க” என்று கேட்பார். வாங்குபவர் பார்க்க வேண்டியது பழைய பில்லை அல்ல, இன்றைய புது விலையை. 59,000-க்குப் புதுசு வாரன்டியோடு கிடைக்கும்போது, 45,000-க்குப் பழசு வாங்குவதில் அர்த்தம் இருக்கா என்பதுதான் கேள்வி. பேரம் தொடங்க வேண்டிய இடம் அது.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். “கடையில ஓப்பனா விக்கறாங்க, அப்போ மாட்டினா தப்பு இல்லதானே?” என்ற கேள்வி அடிக்கடி வரும். அப்படி இல்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும் அளவுக்கு வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது.

2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதற்குப் பல் வைத்தது. 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவுப்படி, அனுமதி இல்லாத மாற்றத்தைச் செய்யும் வாகன உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிக்கணும். மூன்று மாற்றம் என்றால் மூன்று மடங்கு.

எக்ஸாஸ்ட் விஷயத்தில் இன்னொரு கத்தியும் தொங்குது. ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி. ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190-வது பிரிவின் 2-வது உட்பிரிவுப்படி முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸுக்கும் தடை.

அப்போ விற்பவர் தப்பிவிடுவாரா? பெரும்பாலான பொருட்களில் மாட்டி ஓட்டுபவர்தான் மாட்டுவார். ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு. 182ஏ பிரிவின் 3-வது உட்பிரிவு, மத்திய அரசு ‘முக்கியப் பாதுகாப்புப் பாகம்’ என்று அறிவித்த ஒன்றை, விதிகளுக்கு உட்படாத நிலையில் விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இதில் ‘டீலர்’ என்ற வார்த்தை கிடையாது. ‘யார் விற்றாலும்’ என்பதுதான் சட்டத்தின் வாசகம். விற்பதற்காக விளம்பரம் செய்வதும் அதில் அடங்கும்.

“ஆஃப்-ரோடு யூஸ் ஒன்லி”, “டிராக் யூஸ் ஒன்லி” என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்ப்பது பலரின் பழக்கம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ மட்டும் ஓடும் காருக்கு வாங்குபவருக்கு அந்த வரி பொருந்தும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போகும் காரில் மாட்டியவரை அந்த வரி காப்பாற்றாது.

எதை விற்கவே கூடாது?

காசுக்கு ஆசைப்பட்டு விற்கக் கூடாத சில பொருட்கள் இருக்கு.

*ஏர்பேக்:* உள்ளே இருப்பது வெடித்து விரியும் ரசாயனம். வெப்பத்திலும் ஈரத்திலும் அது கெட்டுப்போகக் கூடும். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்ட டகாட்டா ஏர்பேக் விவகாரத்தின் அடிப்படையே அதுதான். பழைய காரில் இருந்து கழற்றிய ஏர்பேக் எந்த நிலையில் இருக்கும் என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பார்சலில் அனுப்புவது அதைவிட ஆபத்து.

*பயன்படுத்திய பிரேக் பேட், சீட் பெல்ட்:* விபத்தில் ஒரு முறை இழுபட்ட சீட் பெல்ட் மறுமுறை காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பிரேக் பேட் புதுசே வாங்கிவிடலாம், மிச்சமாவது சில நூறுதான்.

*புல் பார்:* முன்பக்கம் மாட்டும் இந்த இரும்புக் கம்பிகளைப் பொருத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை ஏர்பேக் சென்சார் சரியாக உணர விடாமல் இது தடுக்கலாம் என்பதும், நடந்து செல்பவருக்குப் பலத்த காயம் ஏற்படும் என்பதும் காரணங்கள்.

*கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் போடும் பைப்:* ‘டீ-கேட்’ என்பார்கள். பிஎஸ்-6 காரில் இதை மாட்டினால் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிய வாய்ப்பு அதிகம். மாசு விதியையும் மீறுகிறது.

*ரேஸிங் ஸ்டியரிங்:* இதை மாட்டணும்னா டிரைவர் ஏர்பேக் உள்ள ஒரிஜினல் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். வாங்குபவர் எதை இழக்கிறார் என்று சொல்லாமல் விற்பது நியாயம் இல்லை.

அலாய் வீல்: அதிகம் விற்பது, அதிகம் ஏமாற்றுவது

இந்தச் சந்தையின் ராஜா அலாய் வீல்தான். பிரச்னைகளும் இங்கேதான் அதிகம். இரண்டு விஷயங்களைப் பார்க்கணும். காருக்குப் பொருந்துமா? உள்ளே உடைந்திருக்கா?

*பொருத்தம்:* முதலில் பிசிடி. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் சேர்ந்தது. ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி ஆகியவற்றுக்கு 4×100. இந்தியாவில் விற்ற போலோவுக்கு 5×100. கிரெட்டாவுக்கு 5×114.3. ஜிம்னிக்கு 5×139.7. இது மாறினால் வீல் மாட்டவே மாட்டாது.

அடுத்து சென்டர் போர், அதாவது நடுத் துளை. இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. இரண்டும் 4×100 என்பதால் “எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ” என்று சொல்லிவிடுவார்கள். ஆனா ஸ்விஃப்ட்டின் ஒரிஜினல் வீல் சிட்டியின் ஹப்பில் ஏறாது. சிட்டியின் வீல் ஸ்விஃப்ட்டில் ஏறும், ஆனா இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். ஆஃப்டர்மார்க்கெட் வீல்கள் பல காருக்கும் பொருந்தணும் என்பதற்காக 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையோடு வருவது வழக்கம். விற்பவர் ஹப் ரிங்கையும் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டே ஆகணும்.

மூன்றாவது ஆஃப்செட். வீல் உள்ளே தள்ளி நிற்குமா, வெளியே துருத்துமா என்பதைச் சொல்லும் எண். வீலின் பின்புறம் ‘ஈடி’ என்ற குறியோடு பொறித்திருக்கும். எண் ரொம்பக் குறைந்தால் டயர் ஃபெண்டரில் உரசும். ரொம்பக் கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும். போல்ட், நட்டும் முக்கியம். கூம்பு வடிவ இருக்கைக்கு உருண்டை வடிவ நட் போட்டால் முறுக்கிய மாதிரி தெரியும், ஆனா பிடிக்காது.

*உடைசல்:* நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரும் பள்ளமும் அலாய் வீலுக்கு எமன். வளைந்த வீலைத் தட்டி நேராக்குவதும், விரிசலை வெல்டு செய்வதும் ஊருக்கு ஊர் நடக்கும் தொழில். பிரச்னை என்னவென்றால், அலாய் வீலின் வலு அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. தயாரிக்கும்போது கொடுக்கும் வெப்பப் பதப்படுத்தலிலும் இருக்கு. வெல்டு செய்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும். அதன் மேல் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் புதுசு மாதிரியே மின்னும். விலை ஏறும். ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கும்.

பார்க்கும் விதம்:

• முன்பக்கத்தைவிட உள்பக்கத்தைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் உள் விளிம்பில்தான் தொடங்கும். அங்கே மட்டும் பெயின்ட் தடிமனாகவோ, அரம் தேய்த்த மாதிரியோ இருந்தால் சந்தேகப்படணும்.

• டயரோடு போட்டோ அனுப்பினால், டயர் இல்லாமல் உள் விளிம்பின் போட்டோ கேளுங்கள். நாலு வீலுக்கும் தனித்தனியாக.

• பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து டயர் கடையில் பேலன்சிங் மெஷினில் ஒரு சுற்று சுற்ற விடுங்கள். வளைவு இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். வாங்கும் பொருளின் விலைக்கு முன்னால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

• டயரும் சேர்த்து வந்தால் பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயரின் ரப்பர் இறுகியிருக்கும். பட்டனுக்கு நடுவே இருக்கும் தேய்மானக் குறி 1.6 மி.மீ. உயரம். அதைத் தொட்டுவிட்டால் அந்த டயரின் கதை முடிந்தது.

• மாட்டிய பிறகு முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி சரியான அளவில் இறுக்கிப் பாருங்கள்.

மற்ற பார்ட்ஸில் என்ன பார்க்கணும்?

*சஸ்பென்ஷன்:* காயிலோவரில் எண்ணெய்க் கசிவு, துரு, உயரம் மாற்றும் வளையம் சுற்றுதா என்று பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் உயரம் மாற்றவே முடியாது. விற்பவர் கழற்றும் முன்பு காரிலேயே ஓட்டிக் காட்டினால் நல்லது.

*ஸ்டீரியோ:* வயரிங் சாக்கெட் சேர்த்துத் தருகிறாரா என்பதுதான் முதல் கேள்வி. ஒரிஜினல் வயரை வெட்டி ஒட்டும் நிலை வரக் கூடாது. விற்பவருக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்டீரியோவைக் கழற்றும் முன் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிடுங்கள். இல்லன்னா உங்கள் போனின் கான்டாக்ட், கால் பட்டியல், மேப்பில் ‘வீடு’ என்று சேமித்த முகவரி எல்லாம் இன்னொருவர் கைக்குப் போகும்.

*ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர்:* பத்து நிமிஷம் பாட விட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். ‘வேலை செய்யுது’ என்ற வார்த்தைக்குப் பதில் வீடியோ கேளுங்கள்.

*டியூனிங் பாக்ஸ்:* மாடல், என்ஜின், தயாரித்த ஆண்டு மூன்றும் சரியாகப் பொருந்தினால் மட்டுமே. வாரன்டியில் உள்ள காரில் மாட்டினால் என்ஜின் வாரன்டி மறுக்கப்படலாம்.

‘சொல்லலை’ என்பதும் ‘மறைச்சுட்டார்’ என்பதும் ஒன்றா?

ஏமாந்தவர்கள் முதலில் சொல்வது, “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்”. ஆனா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகரிடம் வாங்குபவருக்கானது. தன் காரில் இருந்த பொருளை ஒரு தடவை விற்கும் தனிநபரை ‘வணிகர்’ என்ற வரையறைக்குள் கொண்டு வருவது கடினம்.

மிச்சம் இருப்பது இரண்டு பழைய சட்டங்கள். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, தரத்தைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு என்கிறது. ஆனா அதே சட்டத்தின் 15-வது பிரிவு, ஒரு விவரிப்பை நம்பி வாங்கினால் பொருள் அந்த விவரிப்போடு ஒத்துப்போகணும் என்கிறது. ‘17 இன்ச், வெல்டு இல்லாதது’ என்று எழுதி விற்றால், அந்த வார்த்தைகளுக்கு விற்பவர் பொறுப்பு.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இன்னும் நுட்பமானது. ஒரு குறையைத் தெரிந்தே மூடி மறைப்பது மோசடி. ஆனா வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. அதாவது விரிசலை வெல்டு செய்து அதன் மேல் பெயின்ட் அடித்து மறைத்தால் அது மோசடிக்குள் வரும். குறை கண்ணில் படும்படி இருந்து, நீங்கள் கேட்காமல், அவரும் சொல்லாமல் விட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்.

இதில் இருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே ஒன்று: கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். “அண்ணா, நாலு வீல்ல எதுலயாவது வெல்டிங், பெண்ட் எடுத்தது இருக்கா?” என்று ஒரு மெசேஜ். “இல்ல தம்பி” என்று அவர் அனுப்பும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் வாரன்டி கார்டுக்கு இந்தச் சந்தையில் இருக்கும் ஒரே மாற்று அதுதான். பதில் சொல்லாமல் நழுவினால் அதுவும் ஒரு பதில்தான்.

திருட்டுப் பொருளா? போலி பிராண்டா?

சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாக, பில் இல்லாமல், ‘இன்னைக்கே எடுத்துக்கணும்’ என்று அவசரப்படுத்தினால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். விற்றவருக்கே உரிமை இல்லாத பொருள் என்றால், காசு கொடுத்தும் அது உங்களுடையது ஆகாது. பழைய பில், அல்லது அந்தப் பொருள் அவர் காரில் மாட்டியிருந்தபோது எடுத்த போட்டோ, இரண்டில் ஒன்றாவது கேளுங்கள். உண்மையான கார் பிரியரிடம் தன் காரின் போட்டோ இல்லாமல் இருக்காது!

பிரபல பிராண்டின் பெயர் பொறித்த நகல் வீல்களும் புழங்குது. பொய்யான டிரேட்மார்க் உள்ள பொருளை விற்பது டிரேட்மார்க் சட்டத்தின் 104-வது பிரிவுப்படி குற்றம். குறைந்தது 6 மாதம் சிறை, 50,000 ரூபாய் அபராதத்தில் தொடங்கும் தண்டனை. நீங்கள் ஏமாந்து வாங்கிய நகலை ‘ஒரிஜினல்’ என்று இன்னொருவர் தலையில் கட்டப் பார்ப்பது இரட்டைத் தவறு.

பணம் எப்போ கொடுக்கணும்?

• யுபிஐ-யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. “க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, அட்வான்ஸ் வந்துடும்” என்று வாங்குபவர் சொன்னால் அது மோசடி. பல விற்பனையாளர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

• பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

• வெளியூர் என்றால் வீடியோ காலில் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பழைய போட்டோவை வைத்து ஏமாற்றுபவர் வீடியோ காலைத் தவிர்ப்பார். முடிந்தால் அந்த ஊரில் இருக்கும் ஒரு குரூப் நண்பரைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

• ஆம்னி பஸ்ஸிலோ லாரி பார்சலிலோ அனுப்பும்போது பேக் செய்வதையும், ரசீதையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வழியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

• பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

வரி கட்டணுமா? இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளைக் கழற்றி விற்பது வியாபாரம் ஆகாது. அதற்கு ஜிஎஸ்டி வராது. சொந்த உபயோக அசையும் பொருள் என்பதால் மூலதன ஆதாய வரியும் பொதுவாக வராது. ஆனா மாதம் நாலு செட் வாங்கி, பாலிஷ் போட்டு, லாபத்துக்கு விற்றால் அது வியாபாரம். அந்த லாபம் வருமானக் கணக்கில் வரும். ‘வணிகர்’ என்ற வரையறையும் அப்போது உங்களைத் தேடி வரும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரே விதி: சொல்லிவிடுங்கள். கம்பெனியோடு வராத மின்சார, மின்னணுப் பொருட்களுக்கு அவற்றின் மதிப்பில் பொதுவாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்கலாம். அலாய் போன்றவற்றின் மதிப்பையும் தெரிவித்துச் சேர்க்க முடியும். சொல்லாமல் மாட்டியிருந்தால் அந்தப் பொருளுக்கு இழப்பீடு கிடைக்காது. விபத்துக்கே அந்த மாற்றம்தான் காரணம் என்று நிறுவனம் வாதிடவும் இடம் கொடுக்கும்.

ஜெர்மனியில் என்ன செய்றாங்க?

காரை மாற்றியமைப்பதில் கெடுபிடியான நாடு ஜெர்மனி. ஆனா அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அலாய், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் போன்றவை சோதிக்கப்பட்டு, எந்தெந்த காரில் மாட்டலாம் என்ற சான்றிதழோடு விற்கப்படுகின்றன. தேவைப்பட்டால் டியூவ் போன்ற சோதனை அமைப்பிடம் காட்டி வாகன ஆவணத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பொருள் கைமாறும்போது அந்தக் காகிதமும் கைமாறும். காகிதம் இல்லாத பொருளுக்கு மதிப்பு சரிந்துவிடும்.

இந்தியாவில் டயருக்கும் வீல் ரிம்முக்கும் பிஐஎஸ் தரக்கட்டுப்பாடு வந்துவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா என்று பார்க்கலாம். ஆனா அந்த முத்திரை பொருளின் தரத்தைச் சொல்லுமே தவிர, அதை இந்தக் காரில் மாட்டலாமா என்று சொல்லாது. விற்கலாம், வாங்கலாம், மாட்டினால் 5,000 ரூபாய் என்ற இன்றைய நிலையில் இருவருமே இருட்டில்தான் கை நீட்டுகிறார்கள். சோதித்து அனுமதித்த பார்ட்ஸ் பட்டியல் ஒன்று வந்தால், ஆபத்தான பொருட்கள் தானாக ஓரம் கட்டப்படும். நல்ல பொருளுக்கு நியாயமான விலையும் கிடைக்கும்.

விற்பவர் விளம்பரத்தில் என்னென்ன சொல்லணும்?

1. எந்த கார், எந்த ஆண்டு மாடலில் இருந்து கழற்றியது.

2. அளவுகள்: வீல் என்றால் இன்ச், அகலம், பிசிடி, ஆஃப்செட், சென்டர் போர்.

3. வாங்கிய மாதம், ஓடிய கிலோமீட்டர், பில் இருக்கா இல்லையா.

4. குறைகள், கீறலின் குளோசப் போட்டோவோடு. “மூணாவது வீல்ல ஒரு பெண்ட் எடுத்திருக்கு” என்று எழுதினால் ஆயிரம் ரெண்டாயிரம் குறையலாம். ஆனா அதைச் சொல்பவரின் மற்ற மூன்று வீலையும் வாங்குபவர் சந்தேகப்பட மாட்டார்.

5. ஏன் விற்கிறார், விலை, ஊர், பார்சல் செலவு யாருடையது.

இந்த ஐந்தும் இருக்கும் விளம்பரத்துக்கு “லாஸ்ட் பிரைஸ் ப்ரோ?” மெசேஜ்கள் குறையும், உண்மையாக வாங்க வருபவர்கள் கூடுவார்கள். ஐந்தில் மூன்று இல்லாத விளம்பரம் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் பணம் போட வேண்டாம். மிச்சம் பிடித்த பத்தாயிரத்தைவிட, அந்த வீலை நம்பி குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் பயணம் பெரிது.